குஞ்சு டேங்க் பிக்கப்புக்குப் பின்பக்கக் காயில்ஓவர்: ஒரு வேலையின் முழு விவரம்

பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் காயில்ஓவர், அதாவது சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஷாக், மாட்டிய வேலை இது. வண்டி ஒரு பழைய சிங்கிள் கேபின் டீசல் பிக்கப். வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் பண்ணையின் கரைகளில்தான் அதற்கு முழுநேர வேலை. நர்சரியில் வளர்த்த வனாமி இறால் குஞ்சைத் தண்ணீரோடு டேங்கில் ஏற்றிக் குட்டைக்குக் கொண்டுபோகும். குஞ்சு விடாத நாட்களில் 25 கிலோ தீவன மூட்டைகள் ஏறும். பதிவுக் காலம் முடிந்துபோன வண்டி, பண்ணை கேட்டைத் தாண்டுவதே இல்லை. என் பட்டறைக்குக்கூட லாரியில் ஏறித்தான் வந்தது.

கேட்டைத் தாண்டுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாகப் பதிவு பெற்ற வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. ரோட்டில் ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள், படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வண்டி வந்த நிலை இதுதான். பின்பக்க ஸ்பிரிங் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள். அந்தப் பட்டைகள் நடுவே உப்பு இறங்கி, துருவேறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கட்டு வளையும்போது ஒரு பட்டை இன்னொன்றின் மேல் வழுக்க வேண்டும். துரு பிடித்தால் வழுக்காது. மொத்தக் கட்டும் ஒரே இரும்புத் துண்டாக விறைத்து நிற்கும். டேங்கோடு போகும்போது பரவாயில்லை. காலியாகத் திரும்பும்போது பின்சக்கரம் தரையில் ஓடியதைவிடத் தாவியதுதான் அதிகம். டேங்கின் அவுட்லெட் பொருந்தும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது. கடைசியில் இடப்பக்க மெயின் பட்டை கண் ஓரத்தில் முறிந்த பிறகுதான் பண்ணைக்காரர் கூப்பிட்டார்.

புதுப் பட்டை போட்டிருந்தால் அன்றோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவர் மகன் ராலி ஆசையில் வாங்கிப் போட்ட ஒரு ஜோடி காயில்ஓவர் ஷாக் வீட்டில் கிடந்தது. 200 மி.மீ. ஸ்ட்ரோக் (அமுங்கும் தூரம்), கேஸ் அடைத்த தனி ரிசர்வாயர், பிரித்து உள்ளே வேலை பார்க்கக்கூடிய வகை. நல்ல சரக்கு.

"தம்பி, பட்டையைக் கழட்டிட்டு இதை மாட்டிர வேண்டியதுதானே?"

"மாட்டுறது பெரிய வேலை இல்லண்ணே. பட்டை பாத்துக்கிட்டிருந்த மத்த வேலையை எல்லாம் இனிமே யார் பாக்கிறதுங்கிறதுதான் கேள்வி."

பட்டை எடையை மட்டும் தாங்குவதில்லை. ஆக்சிலை முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அதுதான். பக்கவாட்டில் ஓடாமல் நிறுத்துவதும் அதுதான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) சுருண்டுகொள்ளாமல் தடுப்பது, வண்டி சாயும்போது எதிர்த்து நிற்பது, உராய்வால் ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்குவது எல்லாம் அதன் கணக்கில்தான் சேரும். காயில் ஸ்பிரிங் தாங்குவது எடையை மட்டும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் பார்க்க அழகாக இருப்பதால் எல்லோர் கண்ணும் அங்கேயே போகிறது. என்னைக் கேட்டால், இந்த மாதிரி வேலையில் முக்கால்வாசி ஸ்பிரிங்குக்கு வெளியேதான் இருக்கிறது.

எடை மேடையில்

லாரியிலிருந்து இறக்கியதே ஓர் அரிசி ஆலை வளாகத்தில்தான். அங்கே எடை மேடை இருக்கிறது. பின்சக்கரம் இரண்டையும் மட்டும் மேடையில் நிறுத்தி எடுத்தால் பின் ஆக்சிலுக்கு வரும் பாரம் கிடைத்துவிடும். மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலியாக 680 கிலோ. ஹவுசிங், சக்கரம், டிரம் எல்லாம் சேர்ந்து சுமார் 180. அது ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது, கழித்துவிட வேண்டும். மீதி 500, அதாவது பக்கத்துக்கு 250 கிலோ. டேங்க் நிரம்பினால் தண்ணீர், டேங்க், ஆக்சிஜன் சிலிண்டர், பின்னால் நிற்கும் ஆள் எல்லாமாக 630 கிலோ ஏறுகிறது. டேங்கின் நடு ஆக்சிலுக்கு 40 செ.மீ. முன்னால் இருப்பதால் அதில் 540 கிலோ பின்னால் விழுகிறது. ஆகவே பாரத்தோடு பக்கத்துக்கு 520.

250, 520. காலிக்கும் பாரத்துக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். காரில் இப்படி வராது. பிக்கப்பில் காயில்ஓவர் போடுவதன் தலைவலி முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் இருக்கிறது. ஒரு சௌகரியம், இந்த வண்டிக்கு நடுத்தரப் பாரம் என்று ஒன்று கிடையாது. போகும்போது முழுசு, வரும்போது காலி. தீவனம் ஏற்றினாலும் 24 மூட்டைதான், ஏறக்குறைய அதே எடை.

பழைய பட்டையில் இந்த 540 கிலோவுக்கு வண்டி 32 மி.மீ. இறங்கியது. அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு மில்லிமீட்டருக்கு 8.4 கிலோ. அந்தக் கணக்கில் காலி வண்டி வினாடிக்குக் கிட்டத்தட்ட 2.9 தடவை ஆடும். துரு உராய்வைச் சேர்க்காமலே இவ்வளவு. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5க்குள் ஆடுகின்றன என்பதை வைத்துப் பார்த்தால், டேங்க் ஏன் விரிசல் விட்டது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங்

பாரம் ஏறும்போது 75 மி.மீ. இறங்கினால் போதும் என்று வைத்துக்கொண்டேன். 270 கிலோவை 75ஆல் வகுத்தால் சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 3.6 கிலோ. ஷாக் நேராக நிற்கப் போவதில்லை, 20 டிகிரி உள்ளே சாய்ந்து நிற்கும். சாய்வு இரண்டு வகையில் பலத்தைக் குறைக்கிறது: ஷாக் அமுங்கும் அளவு குறைகிறது, அதன் விசையில் செங்குத்தாக வேலை செய்யும் பங்கும் குறைகிறது. அதனால் கொசைனை இரண்டு தடவை பெருக்க வேண்டும். 20 டிகிரிக்கு 0.88 வருகிறது. 3.6ஐ 0.88ஆல் வகுத்தால் 4.1. மில்லிமீட்டருக்கு 4 கிலோ ஸ்பிரிங் என்று முடிவானது. இதில் காலி வண்டி வினாடிக்கு 1.9 தடவை ஆடும், பாரத்தோடு 1.3.

இன்னும் மெத்தென்று போகலாமே என்று பண்ணைக்காரர் மகன் கேட்டார். காலி வண்டியை 1.5க்குக் கொண்டுவந்தால் பாரம் ஏறும்போது 12 செ.மீ. இறங்கும். ஸ்ட்ரோக்கே 200தான். அப்புறம் பள்ளத்துக்கு என்ன மிச்சம்? இப்போதைய கணக்கில் சக்கரத்துக்கு மொத்தம் 213 மி.மீ. ஓட்டம். காலி நிலையிலிருந்து கீழே 70, பாரத்துக்கு 76, அதற்கு மேல் 67. அந்த 67இலும் கடைசி 45ஐ, நேரடியாக முட்டாமல் தடுக்கும் மெத்தையான பம்ப் ஸ்டாப் எடுத்துக்கொள்கிறது.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் அடுக்கி நடுவில் ஸ்லைடர் வைக்கும் முறையும் உண்டு. களிமண்ணில் ஓடும் வண்டிக்கு அந்த ஸ்லைடரை நான் நம்பவில்லை.

ஸ்பிரிங்கைச் சொல்லித்தான் செய்ய வேண்டியிருந்தது. குரோம் வனேடியம் கம்பி, 13 மி.மீ. கனம், உள்விட்டம் 76, வேலை செய்யும் சுற்று பத்து, மொத்தம் பன்னிரண்டு, நீளம் 370. முழுசாக அமுங்கினால் 158 மி.மீ.யில் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும். அதாவது 212 மி.மீ. அமுங்க இடம் இருக்கிறது, ஷாக்கின் 200க்கு இது போதும். இதே பலத்துக்கு 64 உள்விட்டத்தில் 12 மி.மீ. கம்பியில் 300 நீளத்தில் கேட்டிருந்தால் ஸ்ட்ரோக் முடியும் முன்பே முட்டிவிடும். ஸ்பிரிங் ஆர்டர் கொடுப்பவர்கள் பலத்தை மட்டும் சொல்லிவிட்டு இந்தக் கணக்கை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டெலிவரிக்கு முன் முழுசாகச் சில தடவை அமுக்கி எடுக்கச் சொல்ல வேண்டும். அப்போதே உட்கார வேண்டியது உட்கார்ந்துவிடும், வண்டியில் ஏறிய பிறகு உயரம் குறையாது. வந்ததும் பிரஸ்ஸில் வைத்து 25 மி.மீ.க்கு ஒரு தடவை எடை பார்த்தோம். ஒவ்வொரு 25க்கும் 100 கிலோவை ஒட்டியே வந்தது.

இன்னொன்று, கேஸ். ரிசர்வாயரில் 200 பி.எஸ்.ஐ. நைட்ரஜன். ஷாஃப்ட் 22 மி.மீ. கனம். அந்த அழுத்தம் ஷாஃப்டை வெளியே தள்ளும் விசை மட்டும் 53 கிலோ வருகிறது. 4 கிலோ ஸ்பிரிங்கில் இது 13 மி.மீ. உயரம். இதைச் சேர்க்காமல் மவுண்ட் வைத்தால் வண்டி ஏன் தூக்கி நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

லிங்க், பிராக்கெட், வெல்டிங்

பட்டைக்குப் பதிலாக ஆக்சிலைச் சேஸோடு இணைத்துப் பிடிக்கக் கீழே இரண்டு நீள லிங்க், மேலே இரண்டு, பக்கவாட்டுக்கு ஒரு பான்ஹார்ட் ராடு. மேல் லிங்க்குகளை முக்கோணமாகச் சாய்த்திருந்தால் பான்ஹார்டே வேண்டியதில்லை. டீசல் டேங்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் அதற்கு இடம் விடவில்லை. கீழ் லிங்க் 800 மி.மீ., மேல் லிங்க் 650, இரண்டும் தையல் இல்லாத குழாய். பான்ஹார்ட் 900 நீளம். அது வட்டத்தில் சுற்றுவதால் சக்கரம் 80 மி.மீ. ஏறினால் ஆக்சில் 3.5 மி.மீ. பக்கவாட்டில் நகரும். பாரத்துக்கும் காலிக்கும் நடு உயரத்தில் ராடு மட்டமாக இருக்கும்படி வைத்தால் இரண்டு பக்கமும் அந்த நகர்வு சொற்பம். கீழ் லிங்க்கையும் அதே உயரத்தில்தான் மட்டமாக்கினேன்.

முனைகளுக்கு ரோஸ் ஜாயிண்ட் (உலோக உருண்டை மூட்டு) போடலாம் என்று மேஸ்திரி சொன்னார். ராலி வண்டிக்குச் சரி. உப்புச் சேற்றில் அது ஒரு மழைக்காலம் தாண்டுவதே சந்தேகம். ரப்பர் புஷ் போட்டோம். இணையான நாலு லிங்க் அமைப்பில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது புஷ் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கவும் வேண்டும். கெட்டியான பாலியூரித்தேன் போட்டால் லிங்க்கே பிடித்துக்கொள்ளும்.

ஹவுசிங்கில் வெல்டிங் அடிப்பது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. பாட்டரி வயரைக் கழற்றி, ஆயிலை வடித்து, ஆக்சில் ஷாஃப்டுகளை உருவி எடுத்த பிறகுதான் தொட்டோம். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம், கை வைத்தால் சூடு தாங்கும்வரை காத்திருப்பு, மறுபடி ஓர் அங்குலம். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் குழாய் வளைந்து பேரிங் சீட் கோணலாகிவிடும். இரண்டு முனையிலும் லேத்தில் கடைந்த வட்டு, நடுவே நேரான ராடு வைத்து, ராடு சிரமமில்லாமல் உள்ளே போய் வருகிறதா என்று ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் பார்த்தோம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் கோணம் முழு இறக்கத்திலிருந்து முழு ஏற்றம்வரை 3 டிகிரிக்குள் நின்றது.

மேல் மவுண்டுக்காகப் பாடியின் தரையை வெட்ட வேண்டியிருந்தது. 600 மி.மீ. நீளமுள்ள ஷாக் வேறு எங்கே நிற்கும்? முன்பு பாரம் பட்டையின் இரண்டு முனைகளிலும் பிரிந்து சேஸில் இறங்கியது. இப்போது ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் இறங்குகிறது. அந்த இடத்தில் சேஸுக்கு உள்தகடு வைத்து, இரண்டு பக்கத்தையும் குழாய் வளைவால் இணைத்து, பக்கத்துக்கு 2 டன் தாங்கும்படி கட்டினோம். முழு இறக்கத்தில் ஆக்சில் ஷாக்கில் தொங்காமல் இருக்க இரண்டு நைலான் பட்டி. பிரேக் ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் நீளமாக்கியாயிற்று.

பிரேக் வால்வு

இந்த வேலையில் நான் அதிகம் பயந்தது இந்தச் சின்ன சாமானுக்குத்தான். பிக்கப்புகளில் லோடு சென்சிங் வால்வு என்று ஒன்று சேஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி இறங்கினால் கம்பி வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் குறைக்கும். வால்வுக்கு எடை தெரியாது, இடைவெளி மட்டும்தான் தெரியும்.

பழைய பட்டையில் முழுப் பாரத்துக்கு 32 மி.மீ. இறக்கம். புது ஸ்பிரிங்கில் அதே பாரத்துக்கு 76. கம்பியைப் பழைய மாதிரியே மாட்டினால் பாதிப் பாரத்திலேயே வால்வு முழுசாகத் திறந்துவிடும். காலி வண்டி கூட ஒரு பள்ளத்தில் அமுங்கும் நேரத்தில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரக் கரையில் அப்படிப் பூட்டினால் வண்டி நேராகக் குட்டைக்குள்தான்.

தீர்வு கீழ் லிங்க்கிலேயே இருந்தது. லிங்க்கின் சேஸ் முனை அசையாது, ஆக்சில் முனை 76 மி.மீ. அசையும். நடுவில் எந்தப் புள்ளியும் தன் தூரத்துக்கு ஏற்ற அளவு அசையும். 32ஐ 76ஆல் வகுத்தால் 0.42. 800இல் அது 340 மி.மீ. சேஸ் முனையிலிருந்து 340இல் ஒரு காது வெல்டு செய்து, வால்வுக் கம்பியை ஆக்சிலுக்குப் பதிலாக அங்கே மாட்டினோம். வால்வுக்கு இப்போது பழைய பட்டை இருப்பதாகவே தெரியும். பின் பிரேக் லைனில் கேஜ் வைத்துக் காலியாகவும் டேங்க் நிரப்பியும் பார்த்தோம். பட்டையைக் கழற்றும் முன் குறித்து வைத்த அழுத்தங்களோடு ஒத்துப்போனது. அந்தக் குறிப்பை முன்பே எடுத்து வைக்காவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

கரையில்

வண்டி பண்ணைக்குத் திரும்பியது வடகிழக்குப் பருவமழை முடிந்து கரை காய்ந்துகொண்டிருந்த சமயம். கஜா புயலுக்குப் பிறகு மண் கொட்டி உயர்த்திய கரைகள், களிமண் வெடித்து, டயர் தடம் கல்லாக இறுகியிருந்தது. டியூனிங்குக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் உயரம். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் திருகு காலரை இறக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மில்லிமீட்டருக்கு 4 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு திருகினாலும் 4 கிலோதான், வண்டி தூக்கும், அவ்வளவே. உயரம் சரியானதும் ஷாஃப்டில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டோம். ஷாக் அமுங்கும்போது டை தள்ளப்பட்டு, அதிகபட்சம் அமுங்கிய இடத்தில் நின்றுவிடும். வண்டியை நிறுத்தி ஸ்கேல் வைத்துப் படித்தால் போதும். டிரைவர் "நல்லாருக்கு" என்பதைவிட அந்த பிளாஸ்டிக் துண்டு சொல்வது நம்பகமானது.

ராலி ஓட்டத்துக்கு அமைத்த ஷாக் என்பதால் ரீபவுண்டு, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீள்வதற்கான எதிர்ப்பு, மிகக் கெட்டியாக இருந்தது. ஒரு பள்ளத்தில் அமுங்கிய ஷாக் மீண்டு வருவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது. தொடர்ந்து நாலைந்து தடம் தாண்டினால் வண்டி படிப்படியாகக் கீழே போய்ப் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொண்டது. டையும் முழுசாக மேலே போய் நின்றது. உடனிருந்து பார்த்த பையன் ஸ்பிரிங் பத்தவில்லை என்றான். ஸ்பிரிங் சரியாகத்தான் இருந்தது, ஷாக்தான் அதைத் திரும்ப விடவில்லை. பிஸ்டனில் ஆயில் ஓட்டத்தைத் தடுக்கும் ரீபவுண்டு பக்கத்து ஷிம் தகடுகளை மெலிசாக்கி, மெதுவான ஓட்டத்துக்கான துளையைக் கொஞ்சம் திறந்தோம். கணக்குப்படி ஷாக்கின் எதிர்ப்பு பாரத்தோடு முழு அடக்கத்தில் (ஆட்டம் ஒரு தடவைகூட மீறாமல் அடங்கத் தேவையான எதிர்ப்பில்) 28 சதவீதமும், காலியாக 41 சதவீதமும் வர வேண்டும். ஒரே ஷாக்கால் இரண்டு எடைக்கும் சரியாக இருக்க முடியாது. பாரத்தோடு போகும்போது குஞ்சு இருக்கிறது, காலியாக வரும்போது டிரைவர் மட்டும்தான் இருக்கிறார். அதனால் பாரத்தின் பக்கம் சாய்ந்து வைத்தோம்.

அடுத்தது சாய்வு. பட்டைகள் 1050 மி.மீ. இடைவெளியில் இருந்தன, கெட்டியும் கூட. புது ஸ்பிரிங்குகள் மெத்து, உள்ளே தள்ளியும் நிற்கின்றன. பின்பக்கம் சாய்வை எதிர்க்கும் பலம் பழையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. கரை திரும்பும் முனையில் டேங்க் தண்ணீர் ஒரு பக்கம் ஓட, வண்டியும் கூடவே போனது. சாய்வை எதிர்க்கும் முறுக்குக் கம்பியான ஆன்டி ரோல் பார் எப்படியும் திட்டத்தில் இருந்தது. 25 மி.மீ. கம்பியில் தொடங்கி 28க்குப் போனோம். 3 மி.மீ. என்பது சின்ன வித்தியாசமாகத் தோன்றும். முறுக்குப் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால் அது 57 சதவீதம் அதிகம். அந்தக் கம்பியின் கைமுனையில் மூன்று துளை போட்டு நடுத் துளையில் மாட்டியிருக்கிறது.

டேங்கையும் மாற்றச் சொன்னேன். உயரமான உருளை டேங்குக்குப் பதில் தாழ்ந்த செவ்வக ஃபைபர் டேங்க், உள்ளே வட்டத் துளை போட்ட இரண்டு தடுப்பு. சாய்வில் பாதிக் குணம் இந்த டேங்கால்தான் வந்தது என்பது என் கணிப்பு. ஷாக் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

உப்பு

பண்ணையில் போர் தண்ணீரே உப்பு. அதை அடித்துக் கழுவினால் கழுவாமல் விடுவதே மேல். குடிதண்ணீர் டேங்கர் வரும் நாளில் அதிலிருந்து இரண்டு குடம் ஷாக்குக்கு என்று ஏற்பாடு. ஷாஃப்டுக்கு ரப்பர் பூட் போட்டிருக்கிறது. குரோமில் ஒரு புள்ளி துரு விழுந்தால் சீல் போய்விடும், சீல் போனால் ஆயிலும் கேஸும் போய்விடும். லிங்க் குழாய்களின் இரண்டு முனையையும் காற்றுப் புகாமல் அடைத்தோம். கீழ் ஸ்பிரிங் தட்டில் தண்ணீர் வடிய மூன்று துளை. இதுவரை தேய்ந்தது பான்ஹார்டின் சேஸ் பக்கப் புஷ் மட்டும்.

பண்ணைக்காரருக்கு நெல் ஏற்றும் இன்னொரு பிக்கப் இருக்கிறது. பதிவோடு ரோட்டில் ஓடுவது. ஒரு நாள் பத்து மூட்டை, இன்னொரு நாள் பாடி வழிய மூட்டை. அதற்கும் இதே மாதிரி செய்து தரச் சொன்னார்.

"அதைத் தொடாதீங்கண்ணே. சட்டமும் விடாது, பாரமும் ஒரு கணக்குல நிக்காது. அதுக்குப் பட்டைதான்."

அந்த வண்டிக்குக் கட்டைப் பிரித்து, துரு தேய்த்து, பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவி, கண் புஷ்ஷும் ஷேக்கிளும் புதிதாகப் போட்டு, கம்பெனி அளவிலேயே நல்ல ஷாக் ஒரு ஜோடி மாட்டி அனுப்பினேன்.